அப்பாவின் வாயில் வெள்ளைப் படலம்: மருந்து போட்டால் போகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது

காவேரி மகள் | மார்ச் 3, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்காக எழுதுகிறேன். வயது 71, ஊர் கும்பகோணம் பக்கம். 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. 2 வருடமாக ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறார், கேப்சூலைக் கருவியில் போட்டு இழுக்கும் வகை. மேல்வரிசைக்கு முழுப் பல்செட்டு.

தீபாவளிக்குப் பிறகு ஆரம்பித்தது. கன்னத்தின் உள்பக்கத்திலும் நாக்கிலும் திரிந்த பால் ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக. ரசம் பட்டால் எரிகிறது என்று தட்டைத் தள்ளி வைக்கிறார். "வாயில பஞ்சு வெச்ச மாதிரி இருக்கும்மா, எதுலயும் ருசியே தெரியல" என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் வாயில் தடவும் மருந்து ஒன்று கொடுத்தார்கள். நாலே நாளில் சுத்தமாகப் போய்விட்டது, நிறுத்திவிட்டோம். மூன்று வாரத்தில் மறுபடியும் அதே. இப்போது மூன்றாவது தடவை.

பக்கத்து வீட்டு அத்தை உடம்புச் சூடு என்கிறார். அப்பாவின் நண்பர் ஒருவர் "புத்தா இருந்துடப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அப்பாவுக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. எனக்கு 7 மாதக் குழந்தை. அவனைத் தூக்கிக் கொஞ்சவே பயப்படுகிறார். இது என்ன? ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

வைகைக்கரை | மார்ச் 3, இரவு 10.05

எனக்கு வாய்ப்புண் வந்தபோது பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டேன், ஒரு வாரத்தில் ஆறியது. மணத்தக்காளிக் கீரையும் கொடுத்துப் பாருங்கள்.

திருச்சி பல்வைத்தியர் | மார்ச் 4, காலை 6.50

வைகைக்கரை, உங்களுக்கு வந்தது நடுவில் குழிந்து ஓரம் சிவந்திருக்கும் சாதாரண வாய்ப்புண்ணாக இருக்கும். சகோதரி சொல்வது வேறு மாதிரி இருக்கிறது.

சகோதரி, 22 வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்வது தவறு. ஆனால் சில கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் பாதி விளங்கிவிடும். அந்த வெள்ளையை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் வருகிறதா? வந்தால் அடியில் எப்படி இருக்கிறது? பல்செட்டை ராத்திரி கழற்றுகிறாரா? இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளிக்கிறாரா? கடைசியாகச் சர்க்கரை எவ்வளவு?

காவேரி மகள் | மார்ச் 4, மதியம் 1.15

டாக்டர், துடைத்துப் பார்த்தேன். வருகிறது. அடியில் சிவப்பாக இருந்தது, ஒரு இடத்தில் லேசாக ரத்தம் கசிந்தது. பல்செட்டைக் கழற்றுவதே இல்லை, அதோடுதான் தூங்குகிறார். பல் இல்லாத முகத்தை அம்மா பார்க்கக்கூடாதாம். கொப்பளிக்க வேண்டும் என்று எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 9.4. பல்செட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தபோது அண்ணம் முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது, செட்டின் அச்சு பதிந்தது போல. உதட்டின் இரண்டு ஓரமும் வெடித்திருக்கிறது. அதை நாங்கள் பனி வெடிப்பு என்று நினைத்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம்.

திருச்சி பல்வைத்தியர் | மார்ச் 4, இரவு 9.30

இவ்வளவு தெளிவாகப் பார்த்துச் சொன்னதற்கு நன்றி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வாய்ப் பூஞ்சைத் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓரல் த்ரஷ் என்பார்கள். நம் பாட்டிமார் குழந்தைகளுக்கு வந்தால் அக்கரம் என்று சொன்னதும் பெரும்பாலும் இதைத்தான். கேண்டிடா அல்பிகன்ஸ் என்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சை செய்யும் வேலை. அண்ணச் சிவப்பும் உதட்டோர வெடிப்பும் கூட அதே பூஞ்சையின் வேறு முகங்களாக இருக்கலாம். வெள்ளையாக இருந்தால்தான் பூஞ்சை என்று பலர் நினைக்கிறார்கள். பல்செட்டுக்கு அடியில் அது சிவப்பாகத்தான் வரும், வலியும் அதிகம் இருக்காது. அதனால் வருடக்கணக்கில் கண்ணில் படாமலே இருக்கும்.

அப்பாவிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். இது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதில்லை. ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேர் வாயில் இந்தப் பூஞ்சை சத்தமில்லாமல் குடியிருக்கிறது. எச்சிலும், கூடவே வாழும் பாக்டீரியாக்களும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் அதை அடக்கி வைத்திருக்கின்றன. எனவே எங்கே தொற்றியது என்று தேடிப் பயனில்லை. எது அதற்கு இடம் கொடுத்தது என்று தேட வேண்டும். மருந்து பூஞ்சையைக் குறைக்கும். இடம் கொடுத்த காரணம் அப்படியே இருந்தால் அது மறுபடி வளரும். உங்கள் வீட்டில் மூன்று முறை நடந்தது இதுதான்.

அப்பா விஷயத்தில் பெரிய காரணமாக எனக்குப் படுவது பல்செட்டு. செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் எச்சில் போகாது, காற்றும் போகாது. வெதுவெதுப்பும் ஈரமும் உண்டு. பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. செட்டின் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும், பூஞ்சை அவற்றில் படலமாகப் படிந்துவிடும். நீங்கள் வாயில் மருந்து தடவிக்கொண்டே இருந்தீர்கள், செட்டு பூஞ்சையைத் திரும்பத் திரும்ப வாய்க்கே கொடுத்துக்கொண்டிருந்தது.

அதனால் ராத்திரி கழற்றியே ஆக வேண்டும். கழற்றியபின் மென்மையான பிரஷ்ஷும் சாதாரண சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், அண்ணம் பக்கம் படும் உட்பகுதியைக் குறிப்பாக. பற்பசை வேண்டாம், அது கீறல் போடும், கீறலில் பூஞ்சை தங்கும். கொதிநீரும் வேண்டாம், செட்டு வளைந்துவிடும். அப்புறம் மூடியுள்ள டப்பாவில் தண்ணீரில் போட்டு வையுங்கள். குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைக்கவும் சொல்வோம், எவ்வளவு நேரம் என்று உங்கள் பல் மருத்துவர் சொல்வார். அம்மா விஷயம் புரிகிறது. விளக்கை அணைத்தபிறகு கழற்றச் சொல்லுங்கள், என் நோயாளிகள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சர்க்கரை 9.4 என்பது அதிகம். எச்சிலில் குளுக்கோஸ் கூடும், எதிர்ப்புச் சக்தி குறையும், வாய் உலரும். அதை உங்கள் சர்க்கரை மருத்துவர் சரிசெய்ய வேண்டும். இன்ஹேலர் பற்றி அனுபவம் உள்ளவர்கள் எழுதட்டும்.

புற்று பயத்துக்கு ஒரு வார்த்தை. துடைத்தால் வரும் வெள்ளை பெரும்பாலும் பூஞ்சைதான். துடைத்தாலும் வராமல் தோலோடு தோலாக ஒட்டியிருக்கும் வெள்ளைத் திட்டு இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதைத்தான் திசுப் பரிசோதனை (பயாப்சி) வரை கொண்டுபோவோம். அப்பாவின் வாயையும் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள், அவர் நிம்மதியாகத் தூங்குவதற்காகவாவது.

பேரனைத் தாராளமாகக் கொஞ்சலாம். ஒரே ஸ்பூன் வேண்டாம், சோற்றை மென்று ஊட்டுவது வேண்டாம். அவ்வளவுதான்.

மூச்சுக்காற்று | மார்ச் 5, காலை 7.20

14 வருட ஆஸ்துமாக்காரன். அப்பாவிடம் தயவுசெய்து சொல்லுங்கள், வாயில் பூஞ்சை வந்தது என்று இன்ஹேலரை நிறுத்தக்கூடாது. நான் நிறுத்தினேன். ஒன்பதாம் நாள் நள்ளிரவில் ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாய்ப் பூஞ்சை தொந்தரவு, மூச்சு நின்றால் உயிர் போகும்.

தடுப்புக்கு எடுக்கும் இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கும். பியூடசோனைடு, புளூட்டிகசோன் மாதிரி. இழுக்கும்போது எல்லாம் நுரையீரலுக்குப் போவதில்லை, நிறைய நாக்கிலும் தொண்டையிலும் படிகிறது. படிந்த இடத்தில் எதிர்ப்பு குறையும், பூஞ்சை தலைதூக்கும். எடுத்த உடனே தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்து, தொண்டை வரை களகளவென்று கார்கிள் செய்து துப்ப வேண்டும். விழுங்கக்கூடாது. நான் காலையில் பல் துலக்குவதற்கு முன்னாலும் ராத்திரி பல் துலக்குவதற்கு முன்னாலும் இன்ஹேலர் எடுப்பேன். அப்படி வைத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது.

அமுக்கும் பம்ப் வகைக்கு ஸ்பேசர் குழாய் மாட்டினால் வாயில் படிவது நன்றாகக் குறையும். கேப்சூல் வகைக்கு ஸ்பேசர் பொருந்தாது. அப்பாவுக்கு வேண்டுமானால் பம்ப்பும் ஸ்பேசரும் மாற்றித் தர முடியுமா என்று நுரையீரல் மருத்துவரைக் கேளுங்கள்.

சின்னக்கண்ணன் அம்மா | மார்ச் 5, மதியம் 3.00

இந்த இழையிலேயே கேட்கலாமா? என் மகனுக்கு 2 மாதம். நாக்கிலும் கன்னத்துக்குள்ளும் வெள்ளை. பால் குடிக்க ஆரம்பித்ததும் விட்டுவிட்டு அழுகிறான். எனக்கும் மார்புக்காம்பில் ஊசி குத்துவது போல எரிச்சல், பால் கொடுத்து முடித்த பிறகும் போவதில்லை. மாமியார் வெங்காரத்தை (போராக்ஸ்) பொரித்துத் தேனில் குழைத்துத் தடவினால் சரியாகும் என்கிறார், அவர் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்தாராம். மனசு ஒப்பவில்லை.

பழைய நர்சம்மா | மார்ச் 5, மாலை 6.10

கண்ணு, மனசு ஒப்பாதது நல்லது. அதைச் செய்யவே செய்யாதே. நான் 31 வருடம் கிராமச் செவிலியராக இருந்தவள்.

வெங்காரம் குழந்தை உடம்பில் சேர்ந்தால் நஞ்சு. தேனும் வெங்காரமும் கலந்து கொடுத்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது வெளிநாடுகளிலும் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கும் இதே மருந்துதான் வைத்திருந்தார்கள். தேன் தனியாகக்கூட ஒரு வயது முடியும் வரை கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தைக் குடலில் முளைத்து, கை கால் தளர்ந்துபோகும் நோயைத் தரும். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். அவர் காலத்தில் வேறு மருந்து கையில் இல்லை, இருந்ததைச் செய்தார். இப்போது நல்ல மருந்து இருக்கிறது என்று சொல்.

பால் படிவா, பூஞ்சையா என்று முதலில் பார். பால் நாக்கில் மட்டும் இருக்கும், தொட்டால் வந்துவிடும், அடுத்த பாலுக்குள் மறைந்தும்விடும். பூஞ்சை கன்னத்திலும் ஈறிலும் இருக்கும், சுலபத்தில் வராது. துணியைச் சுற்றி வழித்தெடுக்காதே. ரத்தம் வரும், பிள்ளை அப்புறம் மாரில் வாய் வைக்கவே பயப்படும்.

குழந்தை மருத்துவரிடம் காட்டு. வழக்கமாக நிஸ்டாட்டின் சொட்டு கொடுப்பார்கள். பால் குடித்த பிறகு விட வேண்டும், குடிப்பதற்கு முன்னால் விட்டால் பாலோடு போய்விடும். இரண்டு கன்னத்துக்கும் பாதிப் பாதியாக விட்டு, சுத்தமான விரலால் வெள்ளை இருக்கும் இடத்தில் பூசிவிடு. மைக்கோனசோல் ஜெல் வீட்டில் இருக்கிறதே என்று நீயாகப் போடாதே. 4 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்தக் கொழகொழப்பு தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இன்னொன்று, உனக்கும் சேர்த்து மருத்துவம் செய்ய வேண்டும். பிள்ளைக்கு மட்டும் மருந்து விட்டால் உன் காம்பிலிருந்து அவனுக்கும் அவன் வாயிலிருந்து உனக்குமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். காம்பெரிச்சலுக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதனால் காட்டிக் கேட்டுக்கொள். பால் கொடுப்பதை நிறுத்தாதே. பால் புட்டி, ரப்பர், சூப்பான் எது இருந்தாலும் தினமும் கொதிக்க வை. பிள்ளை பாலே குடிக்காவிட்டாலும், காய்ச்சல் வந்தாலும், ஒன்றுக்குப் போவது குறைந்தாலும் காத்திருக்காமல் அன்றைக்கே போ.

சின்னக்கண்ணன் அம்மா | மார்ச் 5, இரவு 8.45

நர்சம்மா, இதை அப்படியே மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். நாளைக்கு மூவரும் சேர்ந்து போகிறோம்.

காவேரி மகள் | மார்ச் 7, இரவு 8.00

இன்று அப்பாவைக் காட்டினோம். வாயிலிருந்து சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள், பூஞ்சைதான். புற்று எதுவும் இல்லை என்று மருத்துவர் அப்பாவிடம் நேராகவே சொன்னார். வரும் வழியில் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டார்.

குளோட்ரிமசோல் தடவும் மருந்து 14 நாள், கூடவே புளூகோனசோல் மாத்திரை 7 நாள். சீட்டைத் தட்டச்சு செய்து போடுகிறேன், ஏதாவது கவனிக்க வேண்டுமா? அப்பா சர்க்கரைக்கு மெட்பார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறார். கொலஸ்ட்ரால் மாத்திரை இல்லை.

மருந்துச்சீட்டு | மார்ச் 7, இரவு 9.10

மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். அம்மா, மாத்திரையைத் தொடங்கும் முன் மருத்துவருக்கு ஒரு போன் போடுங்கள். கிளிமிபிரைடு எடுப்பது அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். கிளிமிபிரைடை உடம்பிலிருந்து கழிக்கும் ஈரல் நொதியைப் புளூகோனசோல் தடுக்கும். கிளிமிபிரைடு உடம்பில் தங்கிவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். 71 வயதில், சரியாகச் சாப்பிடாத ஆளுக்கு அது பெரிய விஷயம். கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து கொடுத்தால் அளவைக் குறைப்பார், அல்லது வீட்டில் அடிக்கடி சோதிக்கச் சொல்வார்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் புளூகோனசோலும் மைக்கோனசோலும் எடுக்கும் முன் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மைக்கோனசோல் வாயில் தடவும் ஜெல்தானே என்று விடக்கூடாது, அதுவே வார்ஃபரினைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

தடவும் மருந்தின் விஷயம் இது. பூஞ்சையோடு எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறதோ அவ்வளவுதான் அது வேலை செய்யும். சாப்பாட்டுக்குப் பிறகு, பல்செட்டைக் கழற்றிவிட்டுத் தடவுங்கள். அரை மணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். செட்டின் உட்புறத்திலும் மெல்லிசாகத் தடவலாம். நிஸ்டாட்டின் திரவம் எழுதியிருந்தால் பெரியவர்களுக்கு வழக்கமாக 4 முதல் 6 மில்லி, நாளுக்கு 4 முறை. வாயில் வைத்து நன்றாகச் சுழற்ற வேண்டும். மடக்கென்று குடித்துவிட்டால் பாதிப் பலன் போச்சு, ஏனென்றால் குடலிலிருந்து அது ரத்தத்தில் ஏறாது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் நிஸ்டாட்டினும் ஒரே நேரத்தில் வேண்டாம், ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்யும்.

நாலாவது நாள் வெள்ளை மறைந்ததும் நிறுத்துவதுதான் எங்கள் கடைக்கு வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. கண்ணுக்குத் தெரியாத அளவில் பூஞ்சை இன்னும் இருக்கும். சீட்டில் 14 என்றால் 14.

காவேரி மகள் | மார்ச் 7, இரவு 10.20

போன் செய்தேன். கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்து, காலையும் மாலையும் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார். சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு, பழைய சீட்டை எடுத்துப் போகவில்லை. மருந்துச்சீட்டு அண்ணா, நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் வாத்தியார் | மார்ச் 8, காலை 10.30

நிஸ்டாட்டின் பேச்சு வந்ததால் அதன் கதையைச் சொல்கிறேன், வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பென்சிலின் வந்த பிறகு பாக்டீரியா செத்தது. ஆனால் பாக்டீரியா போன காலி இடத்தில் பூஞ்சை பெருகியது, அதற்கு மருந்தில்லை. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்று இரண்டு பெண்கள், நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை. ஒருவர் நியூயார்க் நகரில், மற்றவர் ஆல்பனியில். ஹேசன் மண் மாதிரிகளில் கிருமி வளர்த்து, ஜாடியில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். வர்ஜீனியாவில் ஒரு பால் பண்ணையில் எடுத்த மண்ணில் கிடைத்தது இது. 1950இல் அறிவித்தார்கள். மாநிலத்தின் பெயரையே மருந்துக்கும் வைத்தார்கள். 1.3 கோடி டாலருக்கு மேல் உரிமைத்தொகை வந்தது. இருவரும் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள்.

பெயர் வேண்டாம் | மார்ச் 9, இரவு 11.50

எனக்கு 29 வயது. சர்க்கரை இல்லை, பல்செட்டு இல்லை, இன்ஹேலர் இல்லை. ஆன்டிபயாடிக் எதுவும் எடுக்கவில்லை. இரண்டு மாதமாக இதே வெள்ளை. துடைத்தால் வருகிறது. எடை 5 கிலோ குறைந்திருக்கிறது. நெட்டில் படித்ததிலிருந்து ஒரே எண்ணம்தான் ஓடுகிறது. யாரிடமும் கேட்க முடியவில்லை.

உடன் நிற்பவள் | மார்ச் 10, காலை 6.00

தம்பி, இங்கே கேட்டதே பெரிய விஷயம். அரசு மருத்துவமனையில் எச்ஐவி ஆலோசனையும் சோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தில் 9 வருடம் ஆலோசகராக இருந்தேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். காரணம் தெரியாமல் இளம் வயதில் வாய்ப் பூஞ்சை வந்தால் எச்ஐவி பரிசோதனை செய்துவிட வேண்டும். 1981இல் லாஸ் ஏஞ்சலஸில் 5 இளைஞர்களைப் பற்றி வந்த முதல் எய்ட்ஸ் அறிக்கையிலேயே ஐவருக்கும் இந்தப் பூஞ்சை இருந்தது. இந்தியாவில் முதன்முதலில் 1986இல் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் எச்ஐவியைக் கண்டுபிடித்தார்கள். அந்த நாளில் மருந்து இல்லை. இன்று இருக்கிறது, அரசே இலவசமாகத் தருகிறது. ஒழுங்காக எடுத்தால் எதிர்ப்புச் சக்தி மீளும், வாயும் தெளியும், முழு ஆயுளும் வாழலாம். என் கண்ணால் பார்த்தவர்கள் பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள்.

அதுவேதான் என்று நான் சொல்லவில்லை. இதுவரை தெரியாத சர்க்கரையாக இருக்கலாம், இளைஞர்களிலும் எடை குறைந்து வரும். இரும்புச்சத்து, பி12 குறைவாக இருக்கலாம். ரத்தத்தில் வேறு கோளாறாகவும் இருக்கலாம். எல்லாமே ரத்தப் பரிசோதனையில் தெரியும். மையத்தில் சோதனை இலவசம், முடிவு உங்களிடம் மட்டும்தான் சொல்லப்படும். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். அதற்குத் தடவும் மருந்து போதாது, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்றைக்கே போங்கள் தம்பி. போய்வந்து ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

லாரி செல்வம் | மார்ச் 12, மாலை 5.30

எனக்கும் கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, புகையிலை ஒதுக்கும் பக்கம். துடைத்தால் வரவில்லை. வலியும் இல்லை. ஆறு மாதமாக இருக்கிறது. இதற்கும் அந்தத் தடவும் மருந்து வாங்கிப் போடலாமா?

திருச்சி பல்வைத்தியர் | மார்ச் 12, மாலை 5.55

போடாதீர்கள். நாளைக்கே பல் மருத்துவக் கல்லூரியிலோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். நான் முன்பு சொன்ன, துடைத்தால் வராத வகை இதுதான். வலி இல்லை என்பதால் விட்டுவிட வேண்டாம். புகையிலையை இன்றே துப்பிவிடுங்கள். எந்த ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், எங்கே போகலாம் என்று நான் சொல்கிறேன்.

மயிலாடுதுறை மீனா | மார்ச் 13, காலை 9.15

நல்லெண்ணெய் கொப்பளித்தால், தயிர் சாப்பிட்டால் போகும் என்கிறார்களே? கரும்பூஞ்சை என்று 2021இல் பயந்தோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

திருச்சி பல்வைத்தியர் | மார்ச் 13, மதியம் 2.10

ஒன்றே இல்லை. கரும்பூஞ்சை வேறு இனம். மூக்கு, கண், மூளை என்று திசுவைக் கருக்கிக்கொண்டு போகும் அவசர நோய். இது வாயின் மேல்தோலில் வளர்வது.

புளிக்காத தயிர் எரியாமல் இறங்கும், வாய்க்கு இதம். சாப்பிடட்டும். எண்ணெய் கொப்பளிப்பதாலும் கெடுதல் இல்லை. ஆனால் தொற்று வந்தபின் அவற்றையே மருந்தாக நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

பெயர் வேண்டாம் | மார்ச் 14, இரவு 7.30

அக்கா, போனேன். எச்ஐவி இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 286. நாளை மருத்துவரைப் பார்க்கிறேன்.

உடன் நிற்பவள் | மார்ச் 14, இரவு 7.41

தம்பி, நல்ல வேளை போனீர்கள். 286 அதிகம், நாளை என்பதை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரி வாந்தியோ வயிற்றுவலியோ மூச்சு வாங்கலோ வந்தால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

காவேரி மகள் | ஏப்ரல் 16, இரவு 9.00

ஐந்தரை வாரம் கழித்து எழுதுகிறேன். 14 நாளும் விடாமல் தடவினோம். மருந்து நிறுத்தி மூன்றரை வாரம் ஆகிறது, வெள்ளை திரும்பவில்லை. அண்ணத்தின் சிவப்பு நன்றாக மங்கியிருக்கிறது. இன்ஹேலர் பக்கத்திலேயே ஒரு சொம்பும் டம்ளரும் வைத்துவிட்டேன், கொப்பளிக்காமல் எழுந்தால் அம்மா விடுவதில்லை. காலைச் சர்க்கரை 140க்குள் வந்திருக்கிறது. பழைய செட்டு தளர்ந்து ஆடுகிறது, அதுவே உரசி அண்ணத்தைப் புண்ணாக்குகிறது என்று பல் மருத்துவர் புதிதாக அளவெடுத்திருக்கிறார்.

ராத்திரி செட்டைக் கழற்ற அப்பா ஒப்புக்கொள்ள நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் அம்மாவே டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் கட்டில் பக்கத்தில் வைத்து, "உங்களைப் பல்லோடயா கட்டிக்கிட்டேன்" என்று கேட்டார். அதோடு சரி. நேற்று பூண்டு ரசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

டாக்டர், புதுச் செட்டு வந்ததும் பழையதை அவசரத்துக்கு என்று எடுத்து வைக்கலாமா?

திருச்சி பல்வைத்தியர் | ஏப்ரல் 16, இரவு 9.25

படித்ததும் மனசு நிறைந்தது. பழையதைத் திரும்ப வாயில் போட வேண்டாம், உட்புறத்தில் இன்னும் பூஞ்சை இருக்கும். புதியது மாட்டிய முதல் வாரம் எங்காவது அழுத்தினால் உடனே போய்த் தேய்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.